விழாநாள் வாசல்: வீடு தேடி வரும் பிள்ளைகளும் அவர்களை வரவேற்கும் முறையும்

விழாநாளில் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து வீடு வீடாகப் போய் வாசலில் நிற்பதும், வீட்டார் அவர்கள் கையில் தின்பண்டமோ காசோ வைத்து அனுப்புவதும் உலகின் பல பகுதிகளில் உள்ள வழக்கம். ஒக்டோபர் 31 மாலையில் வட அமெரிக்கத் தெருக்களில் நடக்கும் ஹலோவீன் சுற்றுத்தான் இன்று இவற்றுள் அதிகம் பேர்பெற்றது. திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே உள்ள தோப்பூரில் ஹலோவீன் கிடையாது. அங்கே அந்த இடத்தில் இருப்பவை நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும். பிள்ளைகள் என்ன உடுத்தினார்கள், எவ்வளவு சேர்த்தார்கள் என்று எழுதியவர்கள் பலர். கதவைத் திறப்பவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. ஆனால் வழக்கம் தங்குவதும் தளர்வதும் அவர் கையில்தான். ஆகவே இக்கட்டுரை வரவேற்பவரின் பக்கம் நின்று இதன் வரலாற்றைச் சொல்கிறது.

தோப்பூரின் பெருநாள் காலை

தோப்பூர் மூதூர்ப் பிரதேசத்தில் உள்ள முஸ்லிம் ஊர். சுற்றிலும் அல்லைக் குளத்துப் பாசன வயல்கள். அண்டையில் பள்ளிக்குடியிருப்பு, சேனையூர், கட்டைபறிச்சான், சம்பூர், கிளிவெட்டி போன்ற தமிழ் ஊர்கள். நோன்புப் பெருநாள் எப்போது என்பது முதல்நாள் மஃரிபு மாலைத் தொழுகைக்குப் பிறகே தெரியும். கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் பிறைக்குழு கூடி முடிவை அறிவிக்கும். அறிவிப்பு வந்ததும் அடுப்படியில் வேலை தொடங்கிவிடும். முட்டையும் சக்கரையும் தேங்காய்ப்பாலும் கலந்து அவிக்கும் வட்டலப்பம் இரவே தயாராகும். தொதல் முன்னரே கிண்டி வைக்கப்பட்டிருக்கும்.

பிள்ளைகள் வாசலுக்கு வருமுன்னரே இன்னொரு கொடை வாசல் தாண்டிப் போயிருக்க வேண்டும். நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன் ஒவ்வொரு வீட்டாரும் தலைக்கு ஒரு ஸாஉ அளவு தானியத்தை ஏழைகளுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். நெல் விளையும் கிழக்கிலங்கையில் அது அரிசிதான். பெருநாளன்று ஊரில் எவர் வீட்டு அடுப்பும் எரியாமல் இருக்கக்கூடாது என்பது பித்ரா எனப்படும் இந்தக் கொடையின் நோக்கம். பெருநாள் வாசலின் கண்ணியம் இந்த வரிசையில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். இல்லாதவர் கேட்க வருமுன் அவருடைய பங்கு அவர் வீட்டுக்குப் போய்விடுகிறது. அதன் பின் வாசலுக்கு வரும் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளையானாலும் பெருநாளின் விருந்தாளி. இரப்பவன் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

தொழுகை முடிந்து புத்துடுப்போடு பிள்ளைகள் கிளம்புவார்கள். கிழக்கிலங்கையில் கலியாணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே வழக்கம். வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படும். அதனால் உம்மம்மாவின் வீடு, சாச்சியின் வீடு, பெரியம்மாவின் வீடு எல்லாம் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வேலியிலோ இருக்கும். பிள்ளையின் சுற்று அங்கே தொடங்கி மாமி வீடு, வாப்பாவின் கூட்டாளி வீடு, குர்ஆன் ஓதித் தரும் ஹஸ்ரத் வீடு என்று விரியும்.

வாசலில் செருப்புகள் குவிந்திருக்கும். முன்னால் நிற்கும் பெரிய பிள்ளை சலாம் சொல்லும். உள்ளேயிருந்து வரும் உம்மம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "யாருட மகன் மனே நீ?" என்பார். பிள்ளை உம்மாவின் பெயரைச் சொன்னால் போதாது. "எந்த வளவு?" என்று அடுத்த கேள்வி வரும். வளவும் விளங்கியபின், "அட, அவட மகனா? உள்ள வாங்க. இருந்து திண்டுட்டுப் போங்க" என்று அழைப்பு வரும். சீலைத் தலைப்பின் முடிச்சு அவிழும். வீட்டு ஆம்பிளை என்றால் சேட்டுப் பையிலிருந்து மடங்காத புதுநோட்டை உருவுவார். பெருநாளுக்கு முன் வங்கியில் சில்லறைப் புதுநோட்டு மாற்றி வைப்பது குடும்பத் தலைவரின் வேலைகளுள் ஒன்று. பிள்ளைகள் இதைப் பெருநாள் சல்லி என்பார்கள். கொடுப்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. சொந்தப் பிள்ளைக்குக் கூட, தூரத்துப் பிள்ளைக்குக் குறைய என்று கொடுத்தாலும் அது ஒரு பிள்ளைக்கு முன்னால் மற்றப் பிள்ளைக்குத் தெரியக்கூடாது. அதனால் நோட்டு மடித்துத்தான் கைக்குப் போகும். கைக்குழந்தையின் பங்கும் தூக்கி வந்த ராத்தாவிடம் கொடுக்கப்படும்.

இந்த இரு கேள்விகளையும் மேலோட்டமாகக் கடந்துவிடக் கூடாது. அந்த ஒரு காலையில் பிள்ளை தன் ஊரின் உறவுமுறை முழுவதையும் வாய்ப்பாடமாகக் கற்றுக்கொள்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயரைக்கூடச் சரியாக அறியாத முதியவர், அவன் எந்தக் குடும்பத்தின் கிளை என்பதைத் தெரிந்துகொள்கிறார். நோட்டு அன்று மாலையே ஐஸ்கிறீமுக்கும் விளையாட்டுத் துப்பாக்கிக்கும் போய்விடும். "அவட மகன்" என்ற அடையாளம் நிற்கும்.

ஹஜ்ஜுப் பெருநாளில் ஓட்டம் மறுபக்கமாகவும் நடக்கும். உழ்ஹிய்யா எனப்படும் பலியின் இறைச்சியைப் பங்கிட்டு உறவினருக்கும் ஏழைகளுக்கும் அனுப்பும்போது அதைத் தூக்கிக்கொண்டு போவது பெரும்பாலும் பிள்ளைகளே. அன்று வாசலில் நிற்கும் பிள்ளை கொடுக்க வந்தவன். பையை வாங்கிய வீட்டார் வெறுங்கையோடு அவனைத் திருப்பி அனுப்ப மனம் கொள்வதில்லை. தமிழ் அயலவர் வீடுகளுக்கு இனிப்புத் தட்டு கொண்டுபோவதும் இப்படித்தான். அவர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அதே தட்டை வெறுமையாகத் திருப்புவதில்லை.

கொட்டியாரத்தின் மற்ற வாசல்கள்

ரமழான் இரவுகளில் கிழக்கின் பல ஊர்களில் பக்கீர் பாவாமார் றபான் தட்டிப் பாடி, ஸஹர் சோற்றுக்கு ஊரை எழுப்பி வந்தார்கள். மாதம் முழுதும் இருட்டில் குரலாக மட்டும் வந்துபோனவர் பெருநாளன்று பகலில் வாசலுக்கு வந்து முகம் காட்டுவார். வீட்டார் அரிசியும் காசும் கொடுப்பார்கள். கைபேசியும் ஒலிபெருக்கியும் வந்தபின் இது அருகிவிட்டது.

திருகோணமலைச் சைவ ஊர்களில் மார்கழித் திருவாதிரைக்கு முந்திய பத்து நாளும் விடியுமுன் திருவெம்பாவைக் கூட்டம் சங்கும் சேமக்கலமுமாகத் தெருவில் வரும். வீட்டார் படலையடியில் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பார்கள். சித்திரைப் புத்தாண்டில் கைவிசேடம் உண்டு. பஞ்சாங்கம் குறித்த நேரத்தில் பெரியவர் வெற்றிலையில் நெல்லும் காசும் வைத்துப் பிள்ளையின் கையில் கொடுப்பார். பெருநாள் சல்லிக்கு மிக நெருங்கிய உறவு இதுதான். கிறிஸ்தவர்களிடையே நத்தார்க் காலக் கரோல் குழு, நத்தார்ப் பாப்பாவோடு வீடு வீடாக வந்து பாடும்.

ஹலோவீனின் மூலமான புனிதர் நாளும் ஆத்துமாக்கள் நாளும் இம்மாவட்டக் கத்தோலிக்கருக்கும் உண்டு. ஆனால் நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி ஏற்றப்படுவது சேமக்காலையில். இங்கே இறந்தோர் நினைவு வாசலுக்கு வரவில்லை. ஐரோப்பாவில் வந்தது.

ஆத்துமப் பணியாரமும் குடைந்த கிழங்கும்

ஒக்டோபர் முடிவில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளை அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் சாவின் என்ற விழாவாகக் கொண்டாடினார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் திருச்சபை எல்லாப் புனிதர் நாளை நவம்பர் 1 ஆக நிலைநாட்டியது. அடுத்த நாள் இறந்த ஆத்துமாக்களுக்கானது என்பது பதினோராம் நூற்றாண்டையொட்டிப் பரவியது. இடைக்கால இங்கிலாந்தில் அந்நாட்களில் ஏழைகளும் பிள்ளைகளும் வீடு வீடாகப் போய், அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக வேண்டுதல் செய்வதாகச் சொல்வார்கள். வீட்டார் அதற்கென்றே சுட்டு வைத்த சிறு பணியாரத்தைக் கொடுப்பார்கள். இதில் இரு தரப்புக்கும் தேவை இருந்தது. கொடுப்பவருக்குத் தன் தாய் தகப்பனின் ஆத்துமாவுக்கு ஒரு வேண்டுதல் கிடைத்தது. நின்றவருக்கு ஒருவேளை உணவு. புனிதர் நாளில் முனகியபடி பிச்சை கேட்பவனை ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்று உவமையாக எடுத்தாள்கிறது. அந்த அளவுக்கு அக்காட்சி அவர் காலத்தவருக்குப் பழக்கமாயிருந்தது. சீர்திருத்தச் சபைகள் இறந்தோருக்கான வேண்டுதலை மறுத்தபின் பொருள் போயிற்று. செஷயர் போன்ற பகுதிகளில் பாட்டும் பணியாரமும் மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டு தாண்டியும் தங்கின.

ஸ்கொட்லாந்தில் வேறு ஒழுங்கு. பிள்ளைகள் முகத்தில் கரி பூசி, பழைய உடுப்பு மாட்டி, டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே மெழுகுதிரி வைத்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 1895-இல் இப்படிச் சென்றதற்குப் பதிவு உண்டு. வீட்டார் உடனே எதையும் கொடுத்துவிட மாட்டார்கள். பிள்ளைகளை அடுப்படிக்கு அழைத்து ஒரு பாட்டோ கதையோ நொடியோ சொல்லச் சொல்வார்கள். சொன்னபின்னரே கொட்டைப் பருப்பு, ஆப்பிள், காசு. வாசலில் நிற்பவரை வீட்டுக்குள் இருத்தி அவர் கலையைக் கேட்கும் இந்த வரவேற்பு, எனக்குத் தெரிந்த ஹலோவீன் முறைகளுள் மிக அழகானது. தோப்பூரின் "இருந்து திண்டுட்டுப் போங்க" என்ற அழைப்புக்கு மிக நெருங்கி நிற்பதும் இதுவே.

1840-களின் அயர்லாந்துப் பஞ்சத்துக்குப் பின் பெருந்திரளாகக் குடிபெயர்ந்தவர்களோடு விழா அமெரிக்கா சென்றது. கிழங்கின் இடத்தைப் பூசணி பிடித்தது. ஆனால் பிள்ளைகளின் வீட்டுச் சுற்று அங்கே உடனே வேரூன்றவில்லை. முதலில் வளர்ந்தது குறும்பு. படலையைக் கழற்றி மரத்தில் தொங்கவிடுவது, வண்டிச் சக்கரத்தை ஒளிப்பது, கண்ணாடி உடைப்பது என்று இளவட்டங்கள் ஓர் இரவு முழுவதும் ஊரை அலைக்கழித்தார்கள். கனடாவின் ஒன்ராறியோவில் கிங்ஸ்ரன் நகரப் பிள்ளைகள் வீடு வீடாகச் சென்றதை 1911-இல் ஒரு நாளிதழ் எழுதியது. 1927 நவம்பரில் அல்பேர்ட்டா மாகாணத்துப் பிளாக்கி என்ற சிற்றூரிலிருந்து வந்த செய்தியில், "ட்ரிக் ஓர் ட்ரீட்" என்று மிரட்டும் சிறுவர் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று காணப்படுகிறது. விருந்து தா, தராவிட்டால் குறும்பு செய்வோம் என்ற அந்த மிரட்டலை வீட்டார் சிரித்துக்கொண்டு ஏற்றார்கள். ஒரு பிடி இனிப்பு, உடையப்போகும் ஜன்னலைவிட மலிவு. அமெரிக்காவில் 1942 முதல் 1947 வரை இரண்டாம் உலகப் போர்க்காலச் சீனிப் பங்கீடு வழக்கத்தைத் தடுத்தது. பங்கீடு நீங்கியதும் மிட்டாய்க் கம்பனிகள் முழு வேகத்தில் இறங்கின. 1952-இல் டிஸ்னியின் டொனால்ட் டக் படம் ஒன்று "ட்ரிக் ஓர் ட்ரீட்" என்ற பெயரிலேயே வந்தது. 1950-களின் முடிவில் இது நாடு முழுவதற்குமான வழக்கமாயிற்று.

அந்த வரவேற்பின் வடிவம் இன்று எல்லோருக்கும் தெரியும். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம். அணைந்திருந்தால் தட்டக்கூடாது. கதவைத் திறப்பவர் ஆடையைப் பார்த்து வியக்க வேண்டும், பயந்தது போல நடிக்க வேண்டும், கிண்ணத்தை நீட்ட வேண்டும். பிள்ளை உள்ளே வருவதில்லை. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடியும்.

வளைகுடாவின் கரங்காவோ

முஸ்லிம் உலகில் பெருநாள் அன்பளிப்பின் தொடக்கத்தைப் பத்தாம் நூற்றாண்டில் எகிப்தை ஆளத் தொடங்கிய பாத்திமியரோடு இணைத்துச் சொல்வது வழக்கம். அவர்கள் பெருநாளில் காசும் இனிப்பும் உடுப்பும் வழங்கினார்கள். அரபு நாடுகளில் இதை ஈதிய்யா என்பார்கள். துருக்கியில் பிள்ளைகள் பெரியவரின் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு இனிப்பு வாங்குவார்கள். அங்கே நோன்புப் பெருநாளுக்கே இனிப்புப் பெருநாள் என்றொரு பெயர் உண்டு.

ஹலோவீனோடு பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கத் தக்கது வளைகுடாவில் இருக்கிறது. ரமழான் பாதியில், முழுநிலவையொட்டி, குவைத், கட்டார், பஹ்ரைன், கிழக்குச் சவூதிப் பிள்ளைகள் பாரம்பரிய உடை அணிந்து கழுத்தில் துணிப்பை தொங்கவிட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். நிலக்கடலையும் பாதாமும் இனிப்பும் பையில் விழும். குவைத்தில் அது கர்கீஆன், கட்டாரில் கரங்காவோ. அரபு எமிரேட்சில், ரமழானுக்கு முந்திய ஷஃபான் மாத நடுவில், இதையொத்த ஹக் அல் லைலா உண்டு. மூதூர்ப் பகுதியிலிருந்து பெருந்தொகையான பெண்கள் வீட்டுப் பணிக்காக வளைகுடா சென்றிருக்கிறார்கள். அந்த இரவுகளில் எஜமானரின் வாசலில் கடலைத் தட்டைத் தூக்கி நிற்கும் பணிப்பெண், தன் பிள்ளைக்கு இந்தப் பெருநாளில் யார் சல்லி கொடுப்பார்கள் என்று எண்ணாமல் இருந்திருப்பாளா? அவள் அனுப்பிய பணத்தில்தான் ஊரில் பல வாசல்களில் புதுநோட்டு மாறியது. அவளுடைய பிள்ளையின் சுற்று அன்று உம்மம்மாவின் கையில் தொடங்கியது.

முகமூடியும் பெயரும்

ஹலோவீனில் முகத்தை மறைப்பதே விளையாட்டு. பெருநாளில் முகத்தைக் காட்டுவதே வருகையின் பொருள். இந்த வேறுபாடு உண்மைதான். ஆனால் முகமூடி இருந்தாலும் "நீ யார்?" என்ற கேள்வி அழியாத வழக்கங்கள் உண்டு.

கனடாவின் நியூபவுண்லாந்தில் நத்தாரை அடுத்த பன்னிரண்டு நாள்களில், முகத்தைத் திரையால் மூடி, ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் உடுத்தி, குரலையும் மாற்றிக்கொண்டு அயலவர் வீட்டுக்குள் வருவார்கள். வந்தவர் யாரென்று வீட்டார் கண்டுபிடிக்க வேண்டும். நடையைப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள். பெயர் சரியாக வந்ததும் திரை விலகும். கேக்கும் பானமும் அதன் பின்னரே. 1860 டிசம்பரில் முகமூடிக்காரர் கையில் ஒருவர் கொலையுண்டதால் 1861-இல் அங்கு பொதுவிடத்தில் இப்படி வேடமிடுவது சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஊர்களின் உள்ளே அது தொடர்ந்தது.

தமிழ்நாட்டில் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினம் இவ்வகையில் பெரும் உதாரணம். அங்கு முத்தாரம்மன் கோவில் தசராவுக்கு மாலையணிந்து விரதமிருக்கும் பக்தர்கள் காப்புக் கட்டியபின் காளி, எமன், குரங்கு, கரடி, குறவன், குறத்தி என்று வேடம் பூண்டு, மேளத்தோடு ஊரூராக வீடுகளிலும் கடைகளிலும் காணிக்கை வாங்குவார்கள். புரட்டாசி ஐப்பசியில், ஹலோவீனுக்குச் சில நாளோ சில வாரமோ முன், கறுத்த முகமும் நீட்டிய செந்நாக்குமாகக் காளி வாசலில் வந்து நின்றால் வீட்டுப் பெண் பயந்து நடிப்பதில்லை. கும்பிடுகிறாள். குழந்தையைத் தூக்கி வந்து திருநீறு பூசச் சொல்கிறாள். வேடத்துக்குள் இருப்பவர் பக்கத்து ஊர்க் கொத்தனாரோ மாணவரோ என்பது அவளுக்குத் தெரிந்திருக்கலாம். அந்த நேரத்தில் அவர் அம்மன். சேர்த்த காசு விஜயதசமி இரவுக் கடற்கரைச் சூரசம்ஹாரத்தையொட்டிக் கோவில் உண்டியலுக்குப் போகும். தனக்கென்று கேட்காமல் பிறருக்காகக் கேட்டல் ஹலோவீனிலும் நுழைந்தது. 1950-இல் பிலடெல்பியாவில் தொடங்கி, ஐ.நா. சிறுவர் நிதியத்துக்காகப் பிள்ளைகள் பெட்டி ஏந்திச் செல்லும் வழக்கம் வளர்ந்தது.

பெயர் கேட்பதால் என்ன விளைகிறது என்பதை அளந்தே பார்த்த ஆய்வொன்றும் உண்டு. உளவியலாளர் எட் டீனரும் கூட்டாளிகளும் சியாட்டில் நகரில் 27 வீடுகளில் ஹலோவீன் இரவில் இதை நடத்தி 1976-இல் வெளியிட்டார்கள். 1,352 பிள்ளைகள் வந்தார்கள். கதவைத் திறந்த பெண் ஆளுக்கு ஒரு மிட்டாய் மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். அருகில் சில்லறை நிறைந்த கிண்ணமும் இருக்கும். ஒளிந்திருப்பவர் குறித்துக்கொள்வார். சில பிள்ளைகளிடம் மட்டும் பெயரும் வீடும் கேட்கப்பட்டன. பெயர் கேட்கப்படாமல் கூட்டமாக வந்த பிள்ளைகளில் 57 சதவீதத்தினர் கூடுதலாக எடுத்தார்கள். தனியே வந்து பெயர் சொன்ன பிள்ளைகளில் அது 7.5 சதவீதம். கூட்டமாக வந்தாலும் பெயர் சொன்னவர்களிடையே சுமார் 21 சதவீதமே. "யாருட மகன் மனே நீ?" என்று கேட்கும் உம்மம்மாவுக்கு இந்த ஆய்வு தேவைப்படவில்லை. அவருக்குக் களவைத் தடுக்கும் எண்ணமும் இல்லை. ஆயினும் முன்பின் அறியாதவர் போலப் பிள்ளையை நடத்தினால் பிள்ளையும் அப்படியே நடக்கும் என்பதை எண்களில் இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறொன்றை நான் காணவில்லை.

கதவுக்குள் புகுந்த பயம்

1974 ஒக்டோபர் 31 அன்று டெக்சாசில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் சயனைட் கலந்த இனிப்புத் தூளால் இறந்தான். அதைக் கொடுத்தது முன்பின் தெரியாத வீட்டார் என்று முதலில் நம்பப்பட்டது. காப்புறுதிப் பணத்துக்காகத் தகப்பனே செய்தது என்று பின்னர் நிரூபணமானது. 1982-இல் சிகாகோவில் டைலனோல் மாத்திரைகளில் நஞ்சு கலந்து ஏழு பேர் இறந்தது ஹலோவீனுக்குச் சில வாரம் முன்பு. அந்த ஆண்டுகளிலிருந்து பெற்றோர் பிள்ளையின் பையைக் கவிழ்த்து ஒவ்வொரு மிட்டாயாகச் சோதிக்கத் தொடங்கினார்கள். வீட்டில் செய்த பலகாரத்தை எவரும் ஏற்கவில்லை. கம்பனி உறை பிரியாத மிட்டாய் மட்டுமே வாசலில் செல்லுபடியானது. சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல பத்தாண்டுச் செய்திகளைத் தேடி, முன்பின் அறியாத வீட்டார் கொடுத்த நஞ்சால் பிள்ளை இறந்ததாக ஒரு நிகழ்வையும் உறுதிசெய்ய முடியவில்லை என்று காட்டினார். பயம் அதனால் குறையவில்லை.

எதிர்ப்பக்கப் பயமும் இருந்தது. 1992 ஒக்டோபர் 17 அன்று லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில், ஹலோவீன் விருந்துக்குப் போகும் வழியில் வீடு மாறித் தட்டிய பதினாறு வயது ஜப்பானிய மாணவரை அந்த வீட்டுக்காரர் சுட்டுக் கொன்றார். நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது. பெற்றோர் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகக் கையெழுத்துச் சேகரித்தார்கள். வாசலில் நின்ற பிள்ளையிடம் பெயர் கேட்கப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

கொட்டியாரத்தில் கதவு மூடியது வேறு காரணத்தால். இலங்கை உள்நாட்டுப் போர் ஆண்டுகளில் இரவில் தட்டும் ஓசைக்கு எவரும் திறக்கவில்லை. 2006 ஓகஸ்ட்டில் மூதூரில் சண்டை மூண்டபோது மூதூர், தோப்பூர் மக்கள் பல்லாயிரக்கணக்கில் கந்தளாய்க்குப் போய்ப் பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் தங்கினார்கள். அதே ஆண்டில் சம்பூர்த் தமிழ் மக்கள் இடம்பெயர்ந்து, பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல் முதலான இடைத்தங்கல் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களின் மீள்குடியேற்றம் 2015 அளவிலேயே தொடங்கியது. கூடாரத்துக்கு வாசலும் இல்லை, வளவும் இல்லை. "எந்த வளவு?" என்ற கேள்விக்கு முகாமில் பிறந்த பிள்ளையால் பதில் சொல்ல முடியாது. போர் பறித்தவற்றின் பட்டியலில் இதை எவரும் எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

இலங்கையில் 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின் வந்த பெருநாளை முஸ்லிம்கள் அடக்கமாகவே கழித்தார்கள். 2020, 2021 நோன்புப் பெருநாள்கள் கொவிட் ஊரடங்குக்கும் பயணத்தடைக்கும் நடுவே வந்தன. அந்தக் காலத்து ஹலோவீனில் அமெரிக்காவில் சில வீட்டார் ஆறடித் தூரத்திலிருந்து நீண்ட குழாய் வழியே மிட்டாயைச் சறுக்கிவிட்டுப் பிள்ளையின் பையில் விழச் செய்தார்கள். தொட முடியாத நாளிலும் கொடுக்காமல் விடக்கூடாது என்ற பிடிவாதம் அது.

இன்றைய வாசல்

2022-இல் இலங்கைப் பொருளாதாரம் விழுந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. முட்டையும் சீனியும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போயின. வட்டலப்பத்துக்கு வேண்டிய முட்டையும் இவற்றுள் ஒன்று. முன்னர் இருபது ரூபாய் நோட்டில் மகிழ்ந்த பிள்ளைக்கு இப்போது அதனால் ஒன்றும் வாங்க முடியாது. கொடுப்பவர் நூறு நோட்டுக்கு நகர வேண்டியிருக்கிறது. நகர முடியாதவர் வாசலில் நிற்கக் கூசுகிறார். அந்தக் கூச்சத்துக்கு மருந்து பழைய முறையிலேயே இருக்கிறது. உள்ளே அழைத்து இருத்தி, ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு துண்டுத் தொதலும் வைத்தாலும் வரவேற்பு நிறைவுதான். காசை மட்டுமே வரவேற்பாக்கிய வீடுகளே முதலில் தடுமாறின.

அமெரிக்காவில் ஒவ்வாமையுள்ள பிள்ளைகளுக்காகப் பென்சில், பந்து, ஒட்டுப்படம் போன்றவற்றைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, அதற்கு அடையாளமாக நீலப்பச்சைப் பூசணியை வாசலில் வைக்கும் இயக்கம் 2014-இல் நாடளாவியதாயிற்று. நிலக்கடலை ஒரு பிள்ளையின் உயிரைக் குடிக்கக்கூடும் என்பதை வீட்டார் கேட்காமலே எண்ணிப் பார்க்கும் வரவேற்பு இது.

இலங்கையின் 1983 இனக்கலவரத்துக்குப் பின் பெருகிய ரொறன்ரோத் தமிழரிடையே ஹலோவீன் இன்று பழகிய நாள். ஸ்காபரோ அடுக்குமாடிகளில் தமிழ்ப் பிள்ளைகள் மாடி மாடியாகத் தட்டிச் செல்கிறார்கள். மேற்கு நாடுகளில் வாழும் முஸ்லிம்களிடையே இதில் ஒருமித்த கருத்தில்லை. ஆத்துமாக்கள் பற்றிய வேரைக் காரணம் காட்டிப் பல உலமாக்கள் விலகி இருக்கச் சொல்கிறார்கள். வாசல் விளக்கை அணைத்துவிடும் வீடுகள் உண்டு. கொண்டாடாவிட்டாலும், தட்டிய அயலவர் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்புவது அண்டை வீட்டார் உரிமைக்கு அழகல்ல என்று கிண்ணம் வைக்கும் வீடுகளும் உண்டு. இரண்டாமவரின் நியாயம் எனக்குப் பிடித்தமானது.

அங்கே பெருநாளின் சிக்கல் வேறு. சாச்சி வீடு நாற்பது நிமிடக் கார்ப் பயணம். மாமி வீடு இன்னொரு மாகாணம். ஆகவே பள்ளிவாசல் மண்டபத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு அன்பளிப்புப் பொதி கொடுக்கிறார்கள். அமெரிக்கத் தேவாலயங்களும் பாடசாலைகளும் ஹலோவீனை வாகனத் தரிப்பிடத்துக்கு மாற்றி, கார்களின் பின்மூடியைத் திறந்து வைத்து மிட்டாய் வழங்கும் முறையைக் கொண்டுவந்திருக்கின்றன. இரண்டும் பாதுகாப்பானவை, விரைவானவை. எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காமல் போவதுமில்லை. பொதி கொடுப்பவர்கள் வரிசையின் தலைப்பில் ஒரு முதியவரை உட்கார்த்தி, ஒவ்வொரு பிள்ளையிடமும் உம்மாவின் பெயரையும் ஊரையும் கேட்கச் சொன்னால் வரிசை கொஞ்சம் மெதுவாகும். அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.